பயண டிரெய்லரின் டயரை எப்போது மாற்ற வேண்டும்: அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் பயண டிரெய்லரின் டயர் தேய்ந்து வீணாவது அரிது. ஆண்டின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் வெயிலில் நின்றபடி கழித்துவிட்டு, பயணம் புறப்படும் நாளில் மட்டும் முழுப் பாரத்தோடு மணிக்கணக்காக ஓடுவதால், பட்டன் (தரையைத் தொடும் பள்ளமேடான ரப்பர் பரப்பு) புதிதுபோல் இருக்கும்போதே டயரின் உட்புறம் தளர்ந்துவிடுகிறது. காரின் டயர் கெடத் தொடங்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். டிரெய்லரின் டயர் பிய்ந்தது, பக்கக் கண்ணாடியில் ரப்பர் துண்டு பறப்பதைப் பார்த்த பிறகே பலருக்குத் தெரிகிறது. ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பதை வண்டி நிற்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். என் டிரெய்லரிலும் நண்பர்களின் டிரெய்லர்களிலும் திரும்பத் திரும்பச் செய்துவந்த சோதனைகளை, எளிய காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: நம்பத்தக்க அழுத்தமானி, பட்டன் ஆழம் அளக்கும் கருவி, டார்ச் விளக்கு, சாக்பீஸ், அளவு நாடா, ஜாக்கி, டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த விசைக்கு இறுக்கும் சாவி), தொடாமலே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. ஜாக்கியை ஆக்சில் குழாயின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின்) அடியில் வைத்துத் தூக்கக் கூடாது. குழாய் வளைந்தால் இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வந்து சேரும். சட்டத்தில் தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கியை வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டிரெய்லர் காரோடு மாட்டப்பட்ட நிலையிலேயே தூக்குங்கள்.

## அறிகுறி 1: பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் டயர் பழையது

மிகுதியான பேர் ஏமாறுவது இங்கேதான் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

வயதைப் படித்தல். பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்துத் தொடரின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. வெளிப்பக்கம் தொடர் பாதியில் நின்றுவிட்டால் முழுத் தொடர் உட்பக்கச் சுவரில் இருக்கும். டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் குனிந்துதான் படிக்க வேண்டும். கடைசியில் மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் செய்யப்பட்டது. மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை, கழற்றிவிடுங்கள்.

முடிவு. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் அளவுக்கு முன்னால் 'எஸ்டி' என்ற எழுத்துகள் இருக்கும். இவ்வகை டயர்களுக்கு நான் பின்பற்றும் கணக்கு இது: மூன்று ஆண்டுகள் வரை வழக்கமான கவனம், நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கீழே வரும் சோதனைகள் அனைத்தும், ஐந்து ஆண்டுகள் முடிந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நீண்ட பயணத்துக்கு முன் முழுத் தொகுதியையும் மாற்றுதல். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரோடு, அது எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், நான் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறது, இன்னொரு முறை போய் வந்துவிடலாம்" என்று ஏழாம் ஆண்டில் புறப்பட்ட நண்பர் ஒருவரின் டயர் ஓட்டத்தில் உரிந்து, சக்கர மேல்வளைவைக் கிழித்து, தரைப்பலகையையும் பெயர்த்துவிட்டது. அந்தப் பழுதைச் சரிசெய்ய நான்கு டயர்களின் விலையைவிடப் பல மடங்கு செலவாயிற்று.

ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்டெப்னி, வண்டியின் பின்புறத்தில் வெயிலில் தொங்கிக்கொண்டே மற்ற டயர்களோடு சேர்ந்து கிழடாகிவிடுகிறது.

## அறிகுறி 2: பக்கச்சுவரிலோ பட்டன் பள்ளங்களிலோ விரிசல்

டயரைத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, இரு பக்கச்சுவர்களையும் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களையும் பாருங்கள். சக்கரத்தைக் கால் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால்தான் தரையோடு அழுந்தியிருக்கும் பகுதி தப்பாது. அந்தப் பகுதியில்தான் விரிசல் முதலில் வரும்.

மயிரிழை போன்ற மேலோட்டக் கீறல், நகம் சிக்கவில்லை: வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் செய்த வேலை இது. டயர் நான்கு வயதுக்கு உட்பட்டதானால் ஓட்டலாம். சாக்பீஸால் குறியிட்டு, படம் எடுத்துவைத்து, மாதந்தோறும் ஒப்பிடுங்கள். நிறுத்திவைக்கும் காலத்தில் சக்கரங்களுக்கு உறை போடுங்கள். பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவாதீர்கள். அவை ரப்பரில் இருக்கும் பாதுகாப்பு மெழுகையே கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

நகம் இடறுகிறது, அல்லது அழுத்தினால் விரிசல் வாய் திறக்கிறது: வயதைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

விரிசலுக்குள் நூலோ கம்பியோ தெரிகிறது: அந்தச் சக்கரத்தில் வண்டியை நகர்த்தவே கூடாது. நிற்கும் இடத்திலேயே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

விரிசலை ஒட்டும் பசை என்று எதையாவது யாராவது தந்தால் வாங்காதீர்கள். அது குறையை மறைக்கும், நீக்காது.

## அறிகுறி 3: புடைப்பு

இதில் பொறுத்திருந்து பார்க்கும் கட்டம் என்று ஒன்று கிடையாது.

பக்கச்சுவரில் வெளியே தள்ளிய புடைப்பு: பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ மோதி உள்நூல் அறுந்திருக்கிறது. மாற்ற வேண்டியதுதான்.

பக்கச்சுவரில் உள்ளே அமுங்கிய மெல்லிய கோடு: ரேடியல் டயரில் (உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை) உள்ளடுக்குத் துணியின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இப்படி ஒரு பள்ளம் இருப்பது இயல்பு. இதைக் கண்டு பதற வேண்டாம். வெளியே தள்ளினால் ஆபத்து, உள்ளே அமுங்கியிருந்தால் பெரும்பாலும் இயல்பு என்று நினைவில் வையுங்கள்.

பட்டன் பரப்பில் மேடு: உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத தொடக்க நிலையையும் கண்டுபிடிக்க முடியும். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு எதிரே ஒரு கட்டையில் பென்சிலை அசையாமல் நிறுத்தி, அதன் முனை பட்டனைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் பென்சில் இடித்தாலும், பட்டன் வரிசை நேராக ஓடாமல் பாம்புபோல் நெளிந்தாலும், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பார்ப்பதும் உதவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கம்பி வெளியே வந்திருக்கலாம்.

புடைத்த டயரோடு மெதுவாக ஓட்டிக் கடைவரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். ஸ்டெப்னி இல்லையென்றால் மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: சீரற்ற தேய்மானம்

சீராகத் தேய்ந்திருந்தால் கேள்வி எளிது: பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டைகள் பட்டனோடு சமமாகிவிட்டால் ஆழம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதுவே கடைசி எல்லை. மழைச் சாலையில் இழுப்பவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. சீரற்ற தேய்மானத்தில் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில் போகும் என்பதால், காரணத்தைப் பிடிப்பதுதான் முதல் வேலை. டயரின் குறுக்கே மூன்று இடங்களில், சுற்றளவில் நான்கு இடங்களில் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

### நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால்
காற்று அதிகம், அல்லது பாரத்துக்குத் தேவையானதைவிடப் பெரிய டயர். டிரெய்லரின் தகட்டில் அச்சிட்ட குளிர்நிலை அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்.

### இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால்
காற்று குறைவு அல்லது பாரம் மிகுதி. முதலில் அழுத்தத்தைச் சரிபாருங்கள். அழுத்தம் சரியாகவே இருந்துவந்திருக்கிறது என்றால், தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் நிரம்பிய நிலையில் எடைமேடைக்குப் போங்கள். மொத்த எடை மட்டும் போதாது. இடப்பக்கச் சக்கரங்கள் மேடையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் வெளியிலுமாக நிறுத்தி ஒரு முறை, மாற்றி ஒரு முறை எடுங்கள். சமையல் பகுதியும் தொட்டியும் ஒரே பக்கம் அமைந்த வண்டியில் அந்தப் பக்க டயர்கள் எல்லையைத் தொட்டிருக்கும். மொத்தக் கணக்கில் இது தெரியவே தெரியாது. குறைந்த காற்றில் பலநூறு கிலோமீட்டர் ஓடிய டயர் உள்ளே வெந்திருக்கும். காற்றைச் சரிசெய்துவிட்டதால் அது குணமாகிவிடாது.

### ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்
1. பேரிங் தளர்வு: சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் பேரிங்கை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். ஓரளவு பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம்.
2. தொங்கு அமைப்பு: ஸ்பிரிங் பட்டையில் முறிவு, புஷ் தேய்மானம், யு-போல்ட் தளர்வு ஆகியவற்றைக் கண்ணால் தேடுங்கள்.
3. ஆக்சில் இடம் பெயர்தல்: கொக்கியின் நடுப்புள்ளியிலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் தனித்தனியாக நாடா பிடியுங்கள். பின்னர் இடப்பக்கம் முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுக்குடம்) பின் ஹப் வரையிலும், வலப்பக்கம் அதேபோலவும் அளங்கள். இரு பக்க அளவுகளும் ஒத்துவர வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது.
4. ஆக்சில் வளைதல்: ஒரே ஆக்சிலின் இரு டயர்களும் உட்பக்க ஓரத்தில் தேய்ந்தால் மிகைப்பாரத்தில் ஆக்சில் நடுவில் தாழ்ந்திருக்கக்கூடும்; ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்தால் அந்தப் பக்கத் தண்டு மோதலில் வளைந்திருக்கலாம்.

மூன்றும் நான்கும் ஆக்சில் நேராக்கும் வசதியுள்ள பட்டறைக்கு உரியவை. கார்களுக்கு அலைன்மென்ட் பார்க்கும் எல்லாக் கடைகளும் இதைச் செய்வதில்லை. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

### குழி குழியாகவோ ரம்பப்பல் போலவோ தேய்ந்திருந்தால்
சுற்றளவில் ஆங்காங்கே குழிகள் என்றால் பேலன்சிங் இல்லாமை, தளர்ந்த பேரிங் என்ற வரிசையில் பாருங்கள். டிரெய்லர் சக்கரத்துக்குப் பேலன்சிங் தேவையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பேலன்சிங் செய்த பின் அலமாரிக் கதவுகளின் ஆட்டம்கூடக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டன் ஓரங்கள் ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் மறுதிசையில் கூராகவும் இருந்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி ஓடுகிறது. மேலே சொன்ன நாடா அளவைச் செய்யுங்கள். இரட்டை ஆக்சில் வண்டிகளைக் குறுகிய இடத்தில் வளைத்துத் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடுவதால் ஓரங்கள் சிறிது தேய்வது எதிர்பார்க்கக்கூடியதே.

### ஒரே ஒரு இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தால்
பிரேக் பூட்டிக்கொண்டு சக்கரம் சறுக்கியிருக்கிறது. பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் விசையைக் குறையுங்கள். பிறகும் தொடர்ந்தால் பிரேக் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பி தெரிந்தாலும், தட்டையான இடத்தில் ஆழம் எல்லைக்குக் கீழே போயிருந்தாலும், டயரை மாற்றுங்கள்.

## அறிகுறி 5: காற்று இறங்குகிறது

அழுத்தத்தைக் குளிர்நிலையில், அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயரின் மேல் வெயில் விழுமுன் அளக்க வேண்டும். வெப்பநிலை சுமார் 5.5 பாகை செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். எனவே குளிர்ந்த காலையில் நான்கு டயர்களும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது கோளாறு அல்ல, காற்று பிடித்தால் போதும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடவே கூடாது.

ஒரு டயர் மட்டும் இறங்கினால் சோப்பு நீரோடு இந்த வரிசையில் தேடுங்கள்:

1. வால்வின் வாயில் குமிழி: உள்ளே இருக்கும் வால்வு பின்னை இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள்.
2. வால்வின் அடியில் குமிழி: ரப்பர் தண்டு வெடித்திருக்கிறது. டயரைப் பிரித்து வால்வை மாற்ற வேண்டும். சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரைக்கும்தான். 80 பிஎஸ்ஐ டயருக்கு உயர் அழுத்த வால்வோ மரையிட்டு இறுக்கும் உலோக வால்வோ கட்டாயம் வேண்டும்.
3. பட்டனில் ஆணி: நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையென்றால், டயரைக் கழற்றி உள்ளே பார்த்து உட்புறமாக ஒட்டலாம். வெளியிலிருந்து திரி செருகுவது கடைவரை போய்ச் சேர்வதற்கு மட்டும். ஓரத்திலோ பக்கச்சுவரிலோ துளை என்றால் டயர் போயிற்று.
4. ரிம் விளிம்பில் குமிழி: துரு. பிரித்துத் தேய்த்து மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் நிற்கும். ரிம் வளைந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.

குறைந்த காற்றில் எவ்வளவு தூரம் ஓடியது? குறித்த அளவைவிட 20 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்த நிலையில் ஓடிய டயருக்கு அப்படியே காற்று பிடிக்காதீர்கள். 65 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 52க்குக் கீழே போயிருந்தால் இந்த நிலைதான். பட்டறையில் கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரப்பர் பொடி கொட்டிக் கிடந்தாலும், உட்சுவரில் சுற்றிலும் சுருக்கமோ கறுத்த வளையமோ இருந்தாலும், அதை மாற்ற வேண்டும். இத்தகைய டயர் காற்று ஏற்றும்போதே பக்கச்சுவர் கிழிந்து வெடித்து ஆளைத் தூக்கி எறியக்கூடியது. இதை வீட்டு வாசலில் வைத்துச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

## அறிகுறி 6: ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருக்கிறது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு இடங்களை வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: ஹப்பின் நடுப்பகுதி, டயரின் பட்டன் ஓரம். வெயில் படும் பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே ஒரே பக்கத்துச் சக்கரங்களைத் தமக்குள் ஒப்பிடுங்கள். தனியாக எகிறி நிற்பதைத்தான் தேட வேண்டும்.

ஹப் சூடு, டயர் இயல்பு: பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெடுகிறது. தூக்கிச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றாவிட்டால் பிரேக், கரகரவென்று ஒலித்தால் பேரிங். கிரீஸ் வெளியே வழிந்திருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். பேரிங் சுற்றாமல் இறுகிப்போனால் சக்கரமே கழன்று போகும். ஆண்டுக்கு ஒருமுறை பேரிங்கைத் திறந்து பார்த்துக் கிரீஸ் மாற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை வருவது குறைவு.

டயர் சூடு, ஹப் இயல்பு: காற்றழுத்தம், அந்தச் சக்கரத்தின் பாரம் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சூடு தனித்து நின்றால் உள்ளே பட்டை பிரிகிறது என்றே கொண்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். ஒருமுறை இந்த அளவீட்டால் மட்டுமே நான் ஒரு டயரைப் பிடித்தேன். வெளியே எந்தக் குறியும் இல்லை, பட்டறையில் கழற்றியபோது உள்ளே கையகல இடம் பிரிந்திருந்தது.

## அறிகுறி 7: டிரெய்லருக்குள் சாமான்கள் குலுங்கி விழுகின்றன

சாலையைக் குறை சொல்லுமுன் வீல் நட்டுகள், காற்றழுத்தம், பட்டன் பரப்பின் மேடு, பேலன்சிங் என்ற வரிசையில் பாருங்கள். முன்பு இல்லாத குலுக்கல் ஒரே பயணத்தில் தொடங்கியிருந்தால் ஓரமாக நிறுத்தி அறிகுறி 3இன் சோதனையை அப்போதே செய்யுங்கள்.

## அறிகுறி 8: ஒரு டயர் வெடித்துவிட்டது, மற்றவற்றை என்ன செய்வது

இரட்டை ஆக்சில் வண்டியில் ஒன்று வெடித்தால், நிறுத்தும்வரை அதே பக்கத்து மற்ற டயர் இரண்டின் பாரத்தையும் சுமந்திருக்கிறது. வெளியே நன்றாகத் தோன்றினாலும் அதைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் நம்பக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்டதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். நான்கும் ஒரே வாரத்தில் செய்யப்பட்டு ஒரே பாரத்தில் ஓடியவை என்றால், ஒன்று முதுமையால் போனபின் மற்ற மூன்றையும் வைத்திருப்பதில் பொருள் இல்லை. காரணம் ஆணியோ கல்லோ என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒன்றை மாற்றினால் போதும். வெடித்த துண்டுகள் சக்கர வளைவுக்கு உள்ளே செல்லும் மின்கம்பி, பிரேக் கம்பி, எரிவாயுக் குழாய் ஆகியவற்றைச் சேதப்படுத்தியிருக்கலாம். எரிவாயு வாடை வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, தொழில்முறைப் பழுதுநரை அழையுங்கள்.

## புது டயர் வாங்கும்போது

அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்குதிறன் ஒன்றாக இருக்காது. எஸ்டி 225/75 ஆர்15 என்ற அளவையே எடுத்துக்கொண்டால், லோடு ரேஞ்ச் (தாங்குதிறன் வகை) 'சி' டயர் 50 பிஎஸ்ஐயில் 975 கிலோவையும், 'டி' டயர் 65இல் 1150 கிலோவையும், 'இ' டயர் 80இல் 1285 கிலோவையும் தாங்கும். எடைமேடையில் ஒரு சக்கரத்துக்கு 900 கிலோ வந்தால் 'சி' டயர் கணக்குப்படி தாங்கும். ஆனால் கையிருப்பு எட்டு விழுக்காடுகூட இல்லை. நான் 15 முதல் 20 விழுக்காடு கையிருப்பு வைப்பதால் 'டி'க்குப் போவேன். அப்படிப் போகுமுன் ரிம்மும் வால்வும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று ரிம்மில் பொறித்திருப்பதைப் படியுங்கள். வேகக் குறியீட்டையும் பாருங்கள்: 'எல்' மணிக்கு 120 கிலோமீட்டர், 'எம்' 130 கிலோமீட்டர். குறியீடே இல்லாத பழைய எஸ்டி டயர்களை மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரே ஆக்சிலில் ரேடியலையும் ரேடியல் அல்லாததையும் கலக்காதீர்கள்.

கடைக்காரர் மாட்டுவதற்கு முன் நான்கு டயர்களின் தேதியையும் நீங்களே படியுங்கள். கிடங்கில் இரண்டு ஆண்டுகள் கிடந்த 'புது' டயரை வாங்கினால், ஐந்து ஆண்டுக் கணக்கில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. மாட்டியபின் வீல் நட்டுகளை ஆக்சில் தயாரிப்பாளர் சொல்லும் விசைக்கு நட்சத்திர வரிசையில் இறுக்கி, முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடியும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புது ரிம்மில் நட்டுகள் தளர்வது வழக்கம். கடையில் ஒருமுறை இறுக்கியதோடு அந்த வேலை முடிவதில்லை.